புயல் சாய்த்த மரத்தை அறுக்க: பேட்டரி மிஷினா, பெட்ரோல் மிஷினா?

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், பொழுது விடிவதற்குள் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்துப் போட்டுவிட்டது. கூடவே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களும் போயின. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத்து உள்கிராமங்களுக்குக் கரண்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. அறுக்க வேண்டிய மரம் வாசலிலேயே கிடக்கிறது. சார்ஜ் போடக் கரண்ட் இல்லை. பெட்ரோல் வாங்கி வரலாம் என்றால் ரோட்டை மறித்தும் மரம். பேட்டரியா பெட்ரோலா என்ற கேள்வியை அந்த வாசலில் நின்று கேட்க வேண்டும். கடை கவுண்டரில் நின்று கேட்டால், எதில் பவர் அதிகம், எது விலை குறைவு என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதுவரை மரம் அறுக்கும் மிஷினைத் தொட்டே பார்க்காத ஒரு வீட்டுக்கு, பேட்டரி செயின் சா ஒன்றும் கூடுதலாக ஒரு பேட்டரியும் போதும். தோப்பு வைத்திருப்பவருக்கும் ஊர் இளைஞர் மன்றத்துக்கும் பெட்ரோல் மிஷின்தான் கதி. இரண்டில் எதை வாங்கினாலும் புயலடித்த மறுநாள்தான் முதன்முதலாகப் பெட்டியைப் பிரிப்பது என்று இருக்கக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் உங்கள் மரத்தை அளந்து பாருங்கள்

வீட்டைச் சுற்றி என்ன நிற்கிறது என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். முருங்கை, கொய்யா, வேப்பங்கிளை, தென்னை மட்டை, வேலி, பந்தல் கழி, இவைதான் என்றால் பேட்டரி மிஷின் அநாயாசமாக முடித்துவிடும். முற்றிய தென்னை, மா, பலா, புளி என்றால் கதை வேறு.

பேட்டரி மிஷின் பெட்டியில் "ஒரு சார்ஜில் இத்தனை வெட்டு" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் நான்கு அங்குலச் சதுரமுள்ள காய்ந்த மென்மரச் சட்டத்தை வைத்துப் போட்டது. அதன் வெட்டுமுகம் 16 சதுர அங்குலம். பன்னிரண்டு அங்குல விட்டமுள்ள தென்னையின் வெட்டுமுகம் 113 சதுர அங்குலம். அதாவது ஏழு வெட்டுக்குச் சமமான வேலை ஒரே வெட்டில் போகிறது. அதுவும் பச்சைத் தென்னை. உள்ளே ஈரம், வெளியே இரும்பு மாதிரி வைரம், முழுக்க நார். பெட்டியில் 100 என்று போட்டிருந்தால் தென்னையில் பத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

நான்கு, ஆறு அங்குலப் பிளேடு போட்ட கைச் செயின் சா ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. மட்டை கழிக்கவும் கிளை நறுக்கவும் அருமையான சாமான். அதை வைத்துக்கொண்டு மரத்தூரில் கை வைக்காதீர்கள்.

கரண்ட்டா, பெட்ரோலா: எது வந்து சேரும்?

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் சக்தி அடங்கியிருக்கிறது (ஒரு யூனிட் என்றால் 1000 வாட்-அவர்). டூ ஸ்ட்ரோக் இன்ஜின் அதில் பெரும்பகுதியைச் சூடாகவும் புகையாகவும் விட்டுவிடும். ஏழில் ஒரு பங்குதான் செயினுக்கு வந்து சேரும் என்று வைத்தாலும் ஒன்றேகால் யூனிட்டுக்கு மேல் தேறும். பேட்டரியின் சக்தியை அறிய வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்க வேண்டும். 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் என்றால் 90 வாட்-அவர். 36 வோல்ட் மிஷினின் பெரிய பேட்டரி என்றால் 180. அப்படிப் பார்த்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடாகப் பெரிய பேட்டரி ஏழெட்டு வேண்டும். நாள் முழுக்கத் தோப்பில் நின்று அறுக்கிறவர் ஏன் பெட்ரோலை விடுவதில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆனால் பேட்டரிக்கு ஒரு வழி இருக்கிறது. வீட்டில் 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் இன்வெர்ட்டர் பேட்டரி இருந்தால் அதில் 1800 வாட்-அவர். பாதிக்கு மேல் இறக்காமல், ஃபேனைப் போடாமல் வைத்துக்கொண்டால், 180 வாட்-அவர் பேட்டரியை மூன்று நான்கு தடவை நிரப்பலாம். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருப்பது நல்லது. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் சில சார்ஜர்கள் சூடேறும், சில வேலையே செய்யாது. புயல் சமயத்தில் போய்த் தெரிந்துகொள்ளாமல் இப்போதே ஒருமுறை மாட்டிப் பாருங்கள். ஊருக்கு ஜெனரேட்டர் வந்து செல்போன் சார்ஜ் போட எல்லோரும் கூடும் இடத்திலும் இந்த சார்ஜரைச் செருகலாம்.

பெட்ரோலுக்கு இந்தச் சிக்கல் இல்லை, வேறு சிக்கல் இருக்கிறது. பங்க்கில் கரண்ட் இல்லாவிட்டால் ஜெனரேட்டர் ஓடினால்தான் பம்பு ஓடும். பிளாஸ்டிக் பாட்டிலை நீட்டினால் தர மாட்டார்கள், தரவும் கூடாது. மூடி இறுகும் முறையான கேன் வேண்டும். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனாலும் கலந்திருக்கிறது, அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு 2டி ஆயில் கலந்த பெட்ரோலைத்தான் ஊற்ற வேண்டும். போன வருஷம் கலந்து வைத்ததை இந்த வருஷம் ஊற்றினால் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவதிலேயே முதல் நாள் போய்விடும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட கலவையை நம்பாதீர்கள்.

வாங்கும்போது

பேட்டரி மிஷினில் "88 வோல்ட்", "128 வோல்ட்" என்று ஸ்டிக்கர் ஒட்டிய மலிவுச் சரக்கு நிறைய உலவுகிறது. உள்ளே பெரும்பாலும் ஐந்து செல்தான் இருக்கும். ஐந்து செல்லுக்கு 18 வோல்ட், முழு சார்ஜில் 21 வோல்ட், அவ்வளவுதான். "20 வோல்ட் மேக்ஸ்" என்பதும் 18 வோல்ட் என்பதும் கூட ஒரே பேட்டரிதான். ஸ்டிக்கரை விடுங்கள், பேட்டரியின் அடிப்பக்கம் வாட்-அவர் எவ்வளவு என்று அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். போடாத பேட்டரியை வாங்காதீர்கள். தூரை அறுக்கும் ஆசை இருந்தால் 36 வோல்ட்டும் 14 அங்குல பாருமாவது (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடுதான் பார்) வேண்டும். விலையில் பெரும்பங்கு பேட்டரிக்கும் சார்ஜருக்கும்தான் போகிறது. ஆகவே ஒரே கம்பெனியின் ஒரே பேட்டரியில் லைட், ட்ரில், செயின் சா மூன்றும் ஓடுகிற மாதிரிப் பார்த்து எடுத்தால், மற்ற மாதங்களிலும் பேட்டரி சும்மா கிடக்காது.

பெட்ரோலில் கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது 58 சிசி, 22 அங்குல பார் போட்ட மிஷினாகத்தான் இருக்கும். விலை குறைவு, பவரும் உண்டு. ஆனால் புதியவர் கைக்கு 22 அங்குலம் நீளம். 16 அல்லது 18 அங்குல பார் போட்ட மிஷின் எடையும் குறைவு, அடக்கவும் எளிது. தென்னைக்கு அதுவே தாராளம். பிரேக் இருக்கிறதா என்று பாருங்கள். முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் அந்தத் தகடு முன்னால் தள்ளப்பட்டதும் செயின் நிற்க வேண்டும். நிற்காத மிஷின் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். உங்கள் டவுனில் அந்த மிஷினுக்கு செயினும் பிளக்கும் கிடைக்குமா, ரிப்பேர் பார்க்க ஆள் உண்டா என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

வாங்காமலும் இருக்கலாம். கஜாவுக்குப் பிறகு அரசு ஒரு தென்னைக்கு அறிவித்த 1,100 ரூபாயில் 500 ரூபாய் மரத்தை அறுத்து அப்புறப்படுத்துவதற்கென்றே தரப்பட்டது. கூலி எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு அது ஒரு குறிப்பு. பத்து மரம் வைத்திருப்பவர் கூலிக்கு விடலாம். இருநூறு மரம் வைத்திருப்பவர் மிஷின் வாங்கி, பழகிய ஆளிடம் கொடுக்கலாம்.

மிஷினோடு சேர்த்து வாங்க வேண்டியவை: கண்ணாடி, காதடைப்பு, கையுறை, கெட்டியான ஷூ, செயின் தீட்ட உருண்டை அரம், செயின் ஆயில், கூடுதலாக ஒரு செயின், இரண்டு மர ஆப்பு. பேட்டரி மிஷினுக்கும் செயின் ஆயில் உண்டு. கரண்டில் ஓடுவதற்கு எதற்கு ஆயில் என்று விட்டுவிட்டால் பார் கருகிப்போகும்.

எச்சரிக்கை வந்த நாளில்

வானிலை மையம் 72 மணி நேரத்துக்கு முன்பே முதல் தகவலையும், 48 மணி நேரத்துக்கு முன் அடுத்ததையும், 24 மணி நேரத்துக்கு முன் புயல் எச்சரிக்கையையும் தந்துவிடுகிறது. அந்த மூன்று நாளில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் வரிசை முக்கியம். லித்தியம் பேட்டரியைச் சாதாரண நாளில் பாதி சார்ஜில் வைப்பதுதான் அதன் ஆயுளுக்கு நல்லது. 72 மணி நேரத் தகவல் வந்ததும் எல்லாவற்றையும் முழுக்க ஏற்றிவிடுங்கள். பெட்ரோலை 48 மணி நேரத் தகவல் வருவதற்குள் வாங்குங்கள், அதற்கப்புறம் பங்க்கில் வரிசை நிற்கும். ஆயிலைக் கலக்காமல் தனியாக வையுங்கள். தேவைப்படும்போது ஒரு லிட்டர் ஒரு லிட்டராகக் கலந்தால் மீதியை பைக்குக்காவது ஊற்றலாம்.

கலக்கும் அளவு மிஷின் புத்தகத்தில் இருக்கும். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில், 25:1 என்றால் 40 மில்லி. ஆயில் கலக்காத வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் பிஸ்டன் சீஸ் ஆகிவிடும். கலந்த கேனில் மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதிவையுங்கள், அவசரத்தில் யார் எதை எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது.

காற்றடிக்கும் முன்பே மிஷினை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பேட்டரி மிஷினில் இந்தக் கவலை குறைவு. பொத்தானை அழுத்தினால் ஓடும். பெட்ரோல் மிஷினில் சோக்கை இழுத்து, கயிற்றை நாலைந்து தடவை சுண்டி, இன்ஜின் இருமியதும் சோக்கை உள்ளே தள்ளி, மறுபடி சுண்ட வேண்டும். இது கைப்பழக்கம். சோக்கைப் போட்டபடியே இழுத்துக்கொண்டிருந்தால் பிளக் நனைந்து அரை மணி நேரம் வீண்.

விடிந்ததும் முதலில் செய்ய வேண்டியது

மிஷினைத் தொடாதீர்கள். கம்பியைப் பாருங்கள். ஊரே இருட்டாக இருந்தாலும் அறுந்து கிடக்கும் கம்பியில் கரண்ட் இருக்கலாம். எங்கோ ஒரு வீட்டில் ஜெனரேட்டரை ப்ளக் பாயிண்ட்டில் செருகி ஓட்டியிருந்தால் அது லைனில் திரும்பி ஏறும். பச்சை மட்டையும் ஈர மரமும் கரண்டைக் கடத்தும். கம்பிமேல் சாய்ந்த மரம் மின்வாரிய ஆள் வந்து லைனை எர்த் செய்தபிறகு அறுக்க வேண்டிய மரம். அதுவரை அது உங்கள் மரமே இல்லை.

அடுத்து போட்டோ. அறுப்பதற்கு முன் ஒவ்வொரு மரத்தையும் தூரோடு, சர்வே எண்ணுள்ள வயலோ வீடோ பின்னணியில் தெரிய எடுத்துக்கொள்ளுங்கள். விஏஓ கணக்கெடுக்க வரும்போது சாய்ந்த மரம் துண்டுகளாக அடுக்கியிருந்தால் பேச்சு வளரும்.

அப்புறம் பாதை. வீட்டு வாசலிலிருந்து ரோடு வரை ஆளும் வண்டியும் போகிற அளவு மட்டும் முதலில் திறந்தால் போதும். பேட்டரி மிஷினின் நேரம் இது. மட்டை, கிளை, முறிந்த பந்தல், வேலி என்று எல்லாம் சின்ன வேலை. ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் இழுத்துப்போட நிற்கும்போது மிஷின் தானாக ஓய்ந்திருக்கும், சார்ஜும் போகாது. பெரிய லாபம் சத்தத்தில்தான். பெட்ரோல் மிஷின் 110 டெசிபல் வரை இரையும். பின்னால் ஒருவர் "நிறுத்து" என்று கத்தினால் காதில் விழாது. பேட்டரி மிஷினிலும் காதடைப்பு வேண்டும்தான், ஆனால் கையை எடுத்த நொடி அமைதி, அக்கம்பக்கம் பேசுவது கேட்கும்.

தூரில் கை வைக்கும்போது

விழுந்த மரம் செத்த மரம் இல்லை. எங்கோ ஒரு பக்கம் வில்லாக வளைந்து, விடுதலைக்குக் காத்திருக்கும். அறுக்கும் முன் மரத்தைச் சுற்றி வந்து, எந்தப் பக்கம் அமுங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று பாருங்கள். மரம் கிடக்கும் விதத்தைப் பொறுத்து அறுக்கும் முறை மாறும்:

1. இரண்டு முனையும் எதன்மேலோ தாங்கி, நடு தொங்கும் மரத்துக்கு மேற்பக்கம் அமுங்கியிருக்கும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து மேலாக அறுக்க வேண்டும்.
2. ஒரு முனை மட்டும் தாங்கி, மறுமுனை அந்தரத்தில் இருந்தால் தலைகீழ். கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து.
3. தரையில் முழுக்கப் படுத்த மரத்தை மேலிருந்து முக்கால்வாசி அறுத்து, எல்லா வெட்டும் போட்டபிறகு கடப்பாறையால் புரட்டி, மீதியை முடியுங்கள். செயின் மண்ணைத் தொட்டால் அந்த நொடியே மொட்டையாகிவிடும்.
4. பக்கவாட்டில் வளைந்த மரத்தில், குழிந்த பக்கம் நின்று அறுக்க வேண்டும். புடைத்த பக்கம்தான் அது துள்ளிக்கொண்டு வரும்.

மிஷின் சிக்கினால் இழுத்துப் பார்க்காதீர்கள். அணைத்துவிட்டு ஆப்பை அடியுங்கள். இரும்பு ஆப்பு வேண்டாம், செயின் பட்டால் பல் போய்விடும்.

வேரோடு பெயர்ந்த தென்னையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தூரோடு ஒரு ஆள் உயர மண்ணும் வேருமாக நிமிர்ந்து நிற்கும், பக்கத்தில் குழி. மரத்தின் பாரம்தான் அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. தண்டை அறுத்து பாரம் குறைந்ததும் அந்த வேர்க்கட்டி பழைய குழிக்குள் சடாரென்று திரும்பி விழலாம். பிள்ளைகள் அந்தக் குழியில்தான் போய் உட்காருவார்கள். அறுக்கும் முன் குழியை ஒருமுறை எட்டிப் பாருங்கள், ஒரு ஆளை அங்கே காவலுக்கு நிறுத்துங்கள்.

பாரின் மேல்முனை எதிலும் படக் கூடாது. பட்டால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். பேட்டரி மிஷினும் இதில் விதிவிலக்கு இல்லை. தோளுக்கு மேல் தூக்கி அறுப்பது, ஏணியில் ஏறி அறுப்பது, ஒற்றைக் கையால் அறுப்பது மூன்றும் கிடையாது. வீட்டுக் கூரைமேல் சாய்ந்த மரம், இன்னொரு மரத்தில் மாட்டித் தொங்கும் மரம் இரண்டையும் பழகிய ஆளுக்கோ ஜேசிபிக்கோ விட்டுவிடுங்கள்.

தென்னையில் மணிக்கொரு தரம் மிஷினை நிறுத்த வேண்டியிருக்கும். நார் போய் ஸ்ப்ராக்கெட் (செயினைச் சுழற்றும் பல்சக்கரம்) மூடிக்குள் திணிந்து, செயின் ஓடாமல் சூடாகும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் மிஷின் என்றால் அணைத்துவிட்டு, மூடியைத் திறந்து நாரை நோண்டி எடுங்கள். செயின் தொய்ந்திருந்தால் இறுக்குங்கள். கையுறையோடு இழுத்தால் ஓட வேண்டும், ஆனால் பாரைவிட்டுத் தொங்கக் கூடாது. நல்ல செயின் சீவல் சீவலாகத் தள்ளும். பொடியாகக் கொட்டினால் பல் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். அழுத்தி அறுக்காமல் அரத்தை எடுங்கள். மழுங்கிய செயின் பெட்ரோலையும் குடிக்கும், பேட்டரியையும் குடிக்கும், உங்கள் முதுகையும் ஒடிக்கும்.

பெட்ரோல் ஊற்றும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஊற்றிய இடத்திலிருந்து பத்தடி தள்ளிப்போய் ஸ்டார்ட் செய்யுங்கள். பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம் என்று எழுதத் தேவையில்லைதான், இருந்தாலும் எழுதுகிறேன்.

தண்ணீர், சேறு, வெளிச்சம்

வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்தை இறைக்க பேட்டரியை நினைக்கவே வேண்டாம். இரண்டு அங்குல பெட்ரோல் பம்ப்செட் நிமிஷத்துக்கு 500 லிட்டருக்குக் குறையாமல் தள்ளும்; டெல்டாவில் வயலுக்கு இறைக்கும் ஆயில் இன்ஜினே இருக்கிறது. ஆனால் இன்ஜினையும் ஜெனரேட்டரையும் வீட்டுக்குள், திண்ணையில், போர்ட்டிகோவில் வைக்காதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். ஜன்னலிலிருந்து இருபதடியாவது தள்ளி வையுங்கள். வெளிச்சத்துக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பேட்டரி. செயின் சா பேட்டரியில் மாட்டும் எல்இடி லைட் ஒன்று இரவு முழுக்க எரியும்.

வேலை முடிந்தபிறகு

தென்னங்கட்டைகளை ஓரமாக அடுக்கி மறந்துவிடாதீர்கள். மட்கும் தென்னையில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அடுத்த வருஷம் அது தப்பித்து நிற்கும் மரத்தின் குருத்துக்கு வரும். அறுவை மில், செங்கல் சூளை என எது எடுத்துக்கொண்டாலும் சீக்கிரம் ஏற்றிவிடுங்கள். குருத்துப் பக்கம் முதலில் அழுகும், அதை முதலில் அப்புறப்படுத்துங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரியை, அதிலும் உப்புத் தண்ணீர் பட்டதை, காயவைத்து சார்ஜ் போடலாம் என்று பார்க்காதீர்கள். உள்ளே அரிப்பு ஏறி, பல நாள் கழித்தும் தீப்பிடிக்கலாம். வீட்டுக்கு வெளியே, எரிகிற பொருள் இல்லாத இடத்தில் தனியே வைத்து, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். நல்ல பேட்டரிகளைப் பாதி சார்ஜில், வெயில் படாத அலமாரியில் வையுங்கள். பெட்ரோல் மிஷினின் டேங்கைக் கவிழ்த்துக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, ஏர் ஃபில்டரைத் தட்டி, செயினைத் தீட்டி, ஆயில் தடவி உறையில் போடுங்கள். அடுத்த செப்டம்பரில் இறக்கி, புதுப் பெட்ரோல் கலந்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டால் ஐப்பசி மழைக்கு முன் ரிப்பேர் பார்க்க நேரமிருக்கும்.